கேட்காமல் போன டிரா

சரவணம்பட்டியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டு விழாவில், நான் எழுதிய செஸ் புரோகிராமும் சங்கத் தலைவரும் மோதுவது என்று முடிவானது. தலைவர் சூலூரில் தறி ஓட்டுகிறவர். விட்டுக்கொடுப்பதைக் கெட்ட பழக்கமாக நினைப்பவர். நடுவராக என் மனைவியைப் போட்டார்கள். அவள் அதற்கென்று பரீட்சை எழுதித் தேறியவள். வீட்டுக்காரியே நடுவர் என்றால் எனக்குத்தான் சாதகம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். கல்யாணமாகாதவர்களாக இருக்க வேண்டும்.

லேப்டாப்பில் புரோகிராம் சொல்லும் காயை நான் பலகையில் நகர்த்த வேண்டும். பாதி ஆட்டத்திலேயே அது ஒரு யானையைப் பறிகொடுத்தது. ஆனாலும் ராணியை வைத்துச் செக் மேல் செக் கொடுத்துக்கொண்டே இருந்தது. தலைவர் ராஜாவை அதே இரண்டு கட்டங்களில் மாற்றி மாற்றி வைத்தார். ஒரே நிலை மூன்றாம் முறை வந்தால் டிரா கேட்கலாம். திரையிலும் பூஜ்யம்தான் தெரிந்தது. சமம் என்று அர்த்தம். தோற்க வேண்டிய ஆட்டத்தில் தப்பித்துவிட்ட தெம்பில் அடுத்த செக்கையும் வைத்துவிட்டு எழுந்தேன்.

"மூணாவது தடவை. டிரா" என்றேன்.

மனைவி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "காயை வைக்கறதுக்கு முன்னாடி கேட்டிருக்கோணுங்க. வெச்சுப்போட்டீங்க. இப்ப அவரு முறை. அவரு கேட்டாத்தான் டிரா."

தலைவர் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். "ஒரு யானை சேத்தி வெச்சிருக்கறனுங்க. நா எதுக்குங்க கேக்கோணும்?"

அதன் பிறகுதான் அவர் பலகையை உற்றுப் பார்த்தார். ராஜாவை மூன்றாவதாக ஒரு கட்டத்துக்கு நகர்த்தினார். அங்கே செக் எதுவும் எட்டவில்லை. சிறிது நேரத்தில் தோற்றோம். பரிசளிப்பில், மனித மூளையை எந்த மெசினும் ஜெயிக்க முடியாது என்று அவர் வெகுநேரம் பேசினார்.

வீட்டுக்கு வந்து புரோகிராமைத் திறந்து பார்த்தேன். ஆட்டத்தில் இதற்குமுன் வந்த நிலை அதன் யோசனையில் மறுபடி தட்டுப்பட்டால், அதை டிரா என்று முடிவுகட்டிப் பூஜ்யம் போடும். அதற்கு அப்பால் பார்க்காது. நேரம் மிச்சமாகும் என்று பெரும்பாலும் எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். அதனால்தான் அந்த மூன்றாவது கட்டத்தை அது பார்க்கவே இல்லை. அதன் கணக்கில் ஆட்டம் முடிந்திருந்தது. ஆனால் டிரா தானாக வராது, யாராவது வாய்திறந்து கேட்க வேண்டும். கேட்கும் வரியை நான் எழுதவே இல்லை.

இதையெல்லாம் மனைவிக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"கேக்காமயே கெடைச்சுரும்னு அது யாருகிட்டக் கத்துக்கிச்சோ" என்றாள்.

அந்த வாரமே வரியைச் சேர்த்தேன். இப்போது உரிய நேரத்தில் திரையில் 'டிரா கேக்கறனுங்க' என்று பணிவாக எழுதும். தலைவரை மறு ஆட்டத்துக்குக் கூப்பிட்டேன். ஜெயித்தவன் எதற்கு மறுபடி ஆட வேண்டும் என்று மறுத்துவிட்டார். ஆனால் லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம், காய்ச்சலில் கிடக்கும் குழந்தையை விசாரிப்பதுபோல விசாரிப்பார்.

"ஏனுங்க, உங்க மெசினு இப்பப் பரவாயில்லீங்களா?"