என் குரலைக் காணோமென்று தேடியவர்கள்

நஸ்ரின், யூசுப், இதை உங்களுக்காகத்தான் அத்தா எழுதுகிறேன். பள்ளிவாசல் மலரில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும். நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் நஸ்ரின் திருத்திக்கொள். விஷயத்தைத் திருத்தாதே.

போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு செவ்வாய்க்கிழமை, உங்கள் அத்தாவை ஓர் ஊரில் கம்பத்தில் கட்டிப்போட்டார்கள்.

திருச்சுழி தாண்டி நரிக்குடி போகிற வழியில் இருக்கிற ஊர். பெயர் வேண்டாம். அங்குள்ள பெண்கள் இன்றும் என்னிடம்தான் துணி வாங்குகிறார்கள். அருப்புக்கோட்டையில் நைட்டியும் உள்பாவாடையும் மூட்டை கட்டி, மொபெட்டில் வைத்துக்கொண்டு பதினொரு மணிக்கு அங்கே போய் நின்றேன். மூட்டையை இறக்கக்கூட இல்லை. நாலைந்து பேர் வந்து சாவியைப் பிடுங்கினார்கள்.

"ஏலே, இவந்தாம்லே. செகப்பு மொபெட்டு, நைட்டி மூட்டை. அப்படியே சொன்ன மாதிரி இருக்கு பாரு."

ஒருவன் தன் செல்லில் ஒரு குரல் பதிவைப் போட்டான். "கேட்டுக்கங்க மக்களே, நைட்டி விக்கிற மாதிரி ஒருத்தன் இன்னிக்கு ஒங்க ஊருக்கு வாரான். பிள்ள பிடிக்கிற கும்பல். விட்டுறாதீக." அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல் மாதிரி இருந்தது. அந்த நேரத்தில் மூளை ஓடவில்லை. முதல் அடி காதில் விழுந்தது.

அடித்தவர்களின் முகம் எல்லாம் நினைவிருக்கிறது. அவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தான், பயத்தில் அடித்தார்கள். அது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அப்போது விளங்கவில்லை. கம்பத்தில் நின்றபடி நான் கேட்ட துஆ இதுதான்: "யா அல்லாஹ், என்னைக் காப்பாற்று. அந்தப் பேச்சைப் பேசினவனின் நாக்கு விழட்டும்." இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன். எதை அதிகமாகக் கேட்டேன் என்று அல்லாஹ்வுக்குத் தெரியும்.

இங்கே எங்கள் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் ஊராகப் போய் விற்கிற எங்களுக்குச் செல்லில் ஒரு குழு இருக்கிறது. கருவாடு, பாத்திரம், உப்பு, துணி என்று எல்லாரும் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததில்லை. ஒரே சரக்கோடு இரண்டு பேர் ஒரே ஊரில் போய் நிற்கக் கூடாது என்பதற்காக, காலையில் கிளம்பும்போது ஒவ்வொருவரும் இன்று எந்த ஊர் என்று பேசிப் போடுவோம். மத்தியானம் சாப்பிட்டாச்சா என்று ஒரு சத்தம். இவ்வளவுதான். உங்கள் அம்மா, "பொழுதன்னிக்கும் போனுல என்னங்க பேச்சு" என்று கோபப்படுவாளே, அந்தப் பேச்சுதான்.

என் செல்லை ஒரு பையன் பிடுங்கி வைத்திருந்தான். அது கத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் எரிச்சலில் தட்டினான். பரமக்குடிப் பக்கத்துக் கருவாட்டுக்காரி செல்வியின் குரல்:

"காதரண்ணே, எங்க நிக்கிறீக? மத்தியானம் ஆச்சு, சத்தத்தையே காணோம்? மாமியா வீட்டுல பிரியாணிக்கு ஒக்காந்துட்டீகளா?"

கூட்டத்தில் ஒருத்தர் சிரித்துவிட்டார். சிரிப்பு வந்த இடத்தில் கை கொஞ்சம் தளர்ந்தது. நான் செல்லைப் பார்த்துக் கத்தினேன். "தங்கச்சி, பிள்ள பிடிக்கிறவன்னு என்னியக் கட்டிப்போட்டிருக்காகம்மா!" அந்தப் பையன் என்ன நினைத்தானோ, அதைப் பதிவு செய்து அனுப்பிவிட்டான். அந்த நினைப்பை அவனுக்குள் போட்டது யார்? நான் சொல்ல வேண்டியதில்லை.

உடனே பதில் வந்தது. "எவம்லே எங்கண்ணனக் கட்டினது? தெக்குத் தெரு முனியம்மாட்டப் போனைக் குடு. நான் கருவாட்டுச் செல்வி. போன வாரம் எங்கிட்ட நெத்திலி வாங்குனா, கேளு அவகிட்ட!" அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. சாயல்குடி, கமுதி, கோவில்பட்டி. "அவரு எங்க ஆளு." "காதர் பாய விடுங்கய்யா, நல்ல மனுசன்." முகம் தெரியாத மனிதர்கள் ஒரு செல்லுக்குள்ளிருந்து எனக்காகக் கத்தினார்கள். அடிபட்டபோது வராத அழுகை அப்போது வந்தது.

முனியம்மா ஈரக் கையோடு ஓடி வந்தது. "கிறுக்குப் பயலுகளா! நான் உடுத்தியிருக்கிற நைட்டியே இவரு குடுத்ததுதாம்லே. மூணு தரம் மாத்தித் தாரும்னு சண்ட போட்டேன், வாயத் தொறக்காத மனுசன். அவுத்து விடுங்கலே!"

அவிழ்த்துவிட்டார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்தக் குரல் பதிவு அருப்புக்கோட்டை வரைக்கும் வந்துவிட்டது. "ஒங்கத்தா பிள்ள பிடிக்கிறவராமே" என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள் என்று யூசுப் அழுதுகொண்டே வந்தானே, அன்றைக்கு எனக்கு உள்ளே என்னமோ எரிந்தது. பத்து நாள் நான் வியாபாரத்துக்குப் போகவில்லை. ஐந்து வேளையும் தொழுதேன். ஐந்து வேளையும் அவன் நாசத்தைக் கேட்டேன். அந்தப் பதிவை மறுபடி கேட்க மனசு வரவில்லை; யாரென்று தெரியாமலே கேட்டேன்.

பதினோராம் நாள் செல்வி தனியாகப் பேசியது. "அண்ணே, சொல்லவா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிக்கேன். அந்தக் குரலு தெனமும் காலைல நம்ம குழுவுல கேக்குற குரலு. 'கேட்டுக்கங்க மக்களே'ன்னு தொடங்குறது வேற யாரு?"

ஜப்பார். உங்கள் சின்னத்தா. உங்கள் அம்மாவின் தங்கை புருஷன். அவனைக் குழுவில் சேர்த்துவிட்டதே நான்தான். அவனும் நைட்டிதான் விற்கிறான். நான் எந்த நாளில் எந்த ஊரில் நிற்பேன் என்று காலையில் என் வாயாலேயே அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். நான் படுத்துக் கிடந்த பத்து நாளும் நரிக்குடிப் பக்கம் அவன்தான் போய்க்கொண்டிருந்தான்.

பிள்ளைகளே, பொய் சொல்ல மாட்டேன். அவன் படத்தை எடுத்து வைத்தேன். "இவன்தான் பிள்ளை பிடிக்கிறவன்" என்று எழுதியும் விட்டேன். பெருவிரல் வைத்தால் போதும், அத்தனை ஊருக்கும் போய்விடும். அவனைக் கட்டட்டும், அவன் காதில் அடி விழட்டும் என்று மனசு துடித்தது. அனுப்பாமல் நிறுத்தியது என் நல்ல குணம் அல்ல. என் காது இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தின் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அழித்தேன்.

அதற்குப் பதிலாகக் குழுவிடம் வேறொன்று கேட்டேன். எந்த வாயால் சொன்னானோ அந்த வாயாலேயே திருப்பிச் சொல்ல வேண்டும். குழுவே அவனைச் சுற்றிக்கொண்டது. செல்விதான் முன்னால் நின்றது. "பேசிப் போடுதீகளா, இல்ல நாங்க எல்லாரும் ஸ்டேசனுக்குப் போகவா?" இரண்டாம் நாள் பதிவு வந்தது. "கேட்டுக்கங்க மக்களே, நான் சொன்னது பொய்யி. காதர் எங்க சகலை. பொறாமைல சொன்னேன்." அதை ஊர் ஊராக எங்கள் ஆட்களே கொண்டுபோய்க் கேட்க வைத்தார்கள். நான் ஏழு தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் இனித்தது. நாக்கு விழட்டும் என்று கேட்டேன். அல்லாஹ் அந்த நாக்கையே பேச வைத்தான்.

இன்று நான் எல்லா ஊருக்கும் போகிறேன். செல்வியை இதுவரை பார்த்ததில்லை. ஆனால் என் வீட்டு விசேஷத்தில் முதல் அழைப்பு அதற்குத்தான். உங்களுக்குச் சொல்வது இதுதான்: அநியாயம் நடந்தால் அல்லாஹ்விடம் போய்ச் சொல்லுங்கள், மனசில் விஷம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உதவி எந்த வாசல் வழியாக வரும் என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். எனக்குச் செல் வழியாக வந்தது. ஜப்பாரை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள்.

அந்த வருட ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி கொடுத்த ஆட்டுக் கறியைப் பங்கு வைக்க நான் மட்டும் உட்கார்ந்தேன். உறவுக்காரர் பங்கில் அவன் வீட்டுக்கும் உண்டு, அது கடமை. அவன் பையில் எலும்பாகப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். முடிச்சும் போட்டேன். பிறகு அவிழ்த்து, பாதி எலும்பை எடுத்துவிட்டு ஒரு துண்டு ஈரல் வைத்தேன். அவன் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. கொண்டியில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.