வலக்கை மட்டை

யாழ்ப்பாணத்து அரியாலையில் நான் பெரிய கோல்ஃப் ஆட்டக்காரன் என்று நம்புகிறவர்கள் இரண்டு மூன்று பேராவது இருக்கிறார்கள். கனடாவில் பத்தொன்பது வருடம் கோல்ஃபோடு இருந்தவர் என்று யாரோ கதையைக் கட்டிவிட்டார்கள். நான் மறுக்கவில்லை. மறுத்தால் விளக்க வேண்டும். எனக்கு விளக்கம் சொல்வதில் எரிச்சல் அதிகம்.

உண்மை இதுதான். நான் ஒரு நாளும் அந்தப் புல்தரையில் கால் வைத்ததில்லை. ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு பட்டறையில் மட்டைகளுக்குத் தலை ஒட்டினேன். உருக்குத் தண்டை அளந்து வெட்டி, நுனியைச் சுரண்டி, பசை தடவி, தலையில் செருகி, கறுப்பு வளையம் போட்டு, மறுமுனையில் ரப்பர் பிடியை ஏற்றினால் ஒரு மட்டை. தராசில் வைத்து எடை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தலைப்பக்கம் ஒரு காசு எடை கூடினாலும் ஆட்டக்காரனின் மணிக்கட்டு கண்டுபிடித்துவிடும். தண்டில் கீறல் விழாமல் இடுக்கியில் பிடிப்பதற்கு நான் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி உள்ளே சுற்றினேன். ஒரு மாதத்தில் பட்டறை முழுவதும் சைக்கிள் ரியூப். அந்த விளையாட்டின் வளர்ச்சிக்கு என் பங்களிப்பு அவ்வளவுதான்.

ஒவ்வொரு மட்டைக்கும் ஒரு படிவம் வரும். முதல் வரியில் வலமா, இடமா என்ற கேள்வி. அதற்குப் பிறகுதான் நீளம், சாய்வு, பிடியின் தடிப்பு எல்லாம். பத்தொன்பது வருடமாக வேலை தொடங்க முன் நான் வாசித்த முதல் சொல் அதுதான்.

வேலை பின்னேர ஷிப்ட். மகன் பள்ளிக்கூடத்தால் வர முன்பே நான் புறப்பட்டுவிடுவேன். திரும்பி வரும்போது அவன் படுத்திருப்பான். விடிய அவன் போகும்போது நான் நித்திரை. சனிக்கிழமை மேலதிக வேலை. ஆகவே மகனோடு நான் இருந்து சாப்பிட்டது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அந்த ஒரு நாளைக்குள் முழுத் தகப்பனாகவும் இருந்து காட்ட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. அவன் சின்ன வயதில் இடக்கையால் சோற்றைத் தொடுவான். எங்கள் சனத்துக்கு அது எப்படிப்பட்ட கை என்று சொல்லத் தேவையில்லை. "சோத்துக்கை எங்கை?" என்று கேட்பேன். அவன் வலக்கையைக் காட்டுவான். காட்டாவிட்டால் அகப்பைக் காம்பால் இடக்கை விரல் மொழியில் ஒரு தட்டு. பலமாக இல்லை என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில மாதங்களில் சரிவந்துவிட்டது. பிள்ளை வளர்ப்பில் நான் என் கையால் செய்து முடித்த ஒரே காரியம் என்று அதை வைத்திருந்தேன்.

மனைவி அங்கேயே கண்ணை மூடினாள். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். பெட்டிக்குள் இரண்டு உருக்குத் தண்டு, நாலு ரப்பர் பிடி, மூன்று பந்து.

இந்த வீட்டில் நாலு அறை. நான் ஒன்றில் படுக்கிறேன், ஒன்றில் சமைக்கிறேன். மற்ற இரண்டையும் கூட்டித் துடைத்துப் பூட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மகன் தொலைபேசி எடுப்பான். சாப்பிட்டீங்களோ, மருந்து எடுத்தீங்களோ, அங்கை மழையோ, சரி அப்பா வைக்கிறன். நாலு வசனம். நான் காலையிலிருந்தே அந்த நாலு வசனத்துக்காகத் தாடி வழித்துக்கொண்டு இருப்பேன். வீடியோ அழைப்பு என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கும். அது வெறும் குரல் அழைப்புத்தான்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவதாக ஒரு வசனம் வந்தது. "அப்பா, நான் ஒஃபிஸ் ஆக்களோடை கோல்ஃப் பழகிறன்."

எனக்கு வாய் திறந்துவிட்டது. மூட முடியவில்லை. பந்துக்குள் முதலில் இறகை அடைத்துத் தோலால் தைத்தார்கள் என்று சொன்னேன். ஒரு தொப்பி நிறைந்த இறகு ஒரு பந்துக்குள் போகும். மழையில் நனைந்தால் பொத்தென்று விழும். பிறகு மலாய்க் காட்டு மரத்துப் பாலை உருட்டிப் பந்து செய்தார்கள். புதுப் பந்து வழுவழுப்பாக இருந்ததால் நேராகப் போகாமல் குத்துக்கரணம் போட்டது. அடிபட்டுக் கீறல் விழுந்த பழம் பந்துதான் நன்றாகப் பறந்தது. அதைக் கவனித்து வேண்டுமென்றே கீறத் தொடங்கி, கடைசியில் இப்போதிருக்கிற குழிகளுக்கு வந்தார்கள். புத்தம் புதியதை விடக் காயம்பட்டது நன்றாகப் பறக்கும் என்பதை ஒருவரும் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, விளையாடினவர்கள் கண்ணால் கண்டது அது. மரத்தலை போய் உருக்கு வந்தது, உருக்கு போய் உள்ளே வெறுமையான டைட்டேனியத் தலை வந்தது. உருட்டி அடிக்கிற மட்டையில் எடையை நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் தள்ளிவிட்டால், நடுவில் படாத அடியும் கோணாமல் போகும். அதைக் கண்டுபிடித்தவனுக்குக் கோவில் கட்டலாம் என்றேன்.

அவன் இடையில் வெட்டாமல் கேட்டான். கடைசியில், "அப்பா, நீங்கள் இவ்வளவு கதைச்சு நான் ஒருநாளும் கேக்கேல்லை," என்றான்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் அரை மணித்தியாலமாக நீண்டன. ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறேன் என்றான், ஆறு நாள். அவன் மனம் இவ்வளவு காலத்துக்குப் பிறகு என் பக்கம் ஒரு அடி வைத்திருந்தது. அது திரும்பிப் போய்விடாமல் பிடித்துவைக்க என்னிடம் வேறு சாமான் எதுவும் இல்லை. அவனுக்கு ஒரு மட்டை செய்து கொடுப்பதென்று முடிவெடுத்தேன். உருட்டி அடிக்கிற மட்டை, அவன் உடம்புக்கு அளவெடுத்தது.

நிமிர்ந்து நின்று, மணிக்கட்டிலிருந்து தரைவரை அளந்து அனுப்பு என்றேன். அனுப்பினான். உள்ளங்கையின் நீளம் கேட்டேன். அதையும் அனுப்பினான். வலமா, இடமா என்ற முதல் கேள்வியை மட்டும் கேட்கவில்லை. அதற்கு விடை எனக்குத் தெரியும்தானே.

தலைக்குப் பித்தளை தேடினேன். கடற்கரைப் பக்கம் ஒரு பழைய படகு இயந்திரத்தின் பித்தளைத் துண்டு கிடைத்தது. லேத் பட்டறைக்காரரிடம் படத்தைக் கீறிக் கொண்டுபோனேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணை, உது கதவுப் பிடியோ?"

"பந்து அடிக்கிற மட்டை."

"உந்தச் சின்னத் தலையாலை அடிச்சால் பந்து எங்கை போகும்?"

"ஒரு குழிக்குள்ளை போகும்."

"பிறகு?"

"பிறகென்ன, எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போறது."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் வேலை சுத்தமான வேலை. வலக்கைக்காரனுக்கான முகத்தைக் கண்ணாடி போலத் தட்டையாக்கி, பின்பக்கத்தை ஆமை முதுகு போலக் குவித்துத் தந்தார். இரண்டு ஓரத்திலும் துளை போட்டு, மீன்வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகளை உருக்கி ஊற்றினேன். தண்டைத் தலையின் நடுவில் செருகினேன். வீட்டுச் சீமெந்து நிலத்தில் எவர்சில்வர் தம்ளரைச் சரித்து வைத்து நூறு தடவை உருட்டிப் பார்த்தேன். வாழ்க்கையில் ஒட்டின அத்தனை மட்டையிலும் இது ஒன்றைத்தான் யாருக்கென்று தெரிந்து ஒட்டினேன்.

மகன் வந்தான். தங்கினது என் வீட்டில் அல்ல, நல்லூரில் ஒரு லொட்ஜில். கோவிலுக்குப் பக்கம், ஏசி இருக்கு, வேலைக்கு இன்டர்நெட் வேணும் அப்பா என்றான். பூட்டியிருந்த அறைகளில் ஒன்றுக்குப் புதுப் படுக்கை விரிப்பு வாங்கிப் போட்டிருந்தேன். அதை அவனுக்குச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் பின்னேரம் ஓட்டோவில் வந்தான். மட்டையைக் கொடுத்தேன். நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடித் தண்டின் வழியே பார்த்தான். பித்தளையைத் தடவினான். "வடிவாயிருக்கு, அப்பா. நீங்களே செய்தனீங்கள்?" என்றான். அப்போது என் நெஞ்சு நிறைந்தது என்பதை வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

தம்ளரை வைத்தேன். அடித்தான். பந்து ஒரு முழம் விலகிப் போனது. மறுபடி அடித்தான். மற்றப் பக்கம் விலகியது. அவன் நின்ற நிலையைப் பார்த்தால் வாடகைச் சட்டை போட்டவன் போல இருந்தது, தோளும் காலும் வேறு வேறு ஆளுடையவை.

"உனக்குப் பழக்கினவனுக்கு ஒண்டும் தெரியாது போலை," என்றேன். சிரித்தான். நான் போய்த் தோளைத் திருப்பிவிட்டேன். முழங்கையை ஒட்டி வைத்தேன். மூன்றாவதும் போனது கதவுப் பக்கம்.

அந்தப் பந்தை எடுக்க அவன்தான் போனான். குனிந்து எடுக்கவில்லை. அப்படியே மறுபக்கமாக நின்று, கை இரண்டையும் மாற்றிப் பிடித்து, மட்டையின் முதுகால் சும்மா ஒரு தட்டுத் தட்டினான். குவிந்த முதுகில் பட்ட பந்து நேராகப் போக நியாயமில்லை. ஆனாலும் போனது. தம்ளரில் ணங்கென்று விழுந்தது.

அவன் நின்ற விதத்தில் இப்போது ஒரு குறையும் இல்லை. பத்தொன்பது வருடம் மட்டை செய்தவனுக்கு அது தெரியாமல் போகுமா?

"நீ இடக்கையோ?" என்றேன்.

மட்டையைச் சுவரில் சாத்தினான். "கோல்ஃபுக்கு… ஓம், அப்பா."

"சாப்பிடுறது?"

தம்ளருக்குள் கிடந்த பந்தை எடுத்தான். "நீங்கள் வீட்டிலை நிக்கேக்கை வலக்கையாலைதான் சாப்பிட்டனான்."

"நான் நிண்டது ஞாயிற்றுக்கிழமைதானே."

"ஓம்."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"அம்மாதான் இடக்கைக்குக் கரண்டி தந்தவ. சனிக்கிழமை இரவிலை உங்கடை கார்ச் சத்தம் கேட்டால் கையை மாத்தச் சொல்லுவா."

அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நானும் கத்தியிருப்பேன். கோபம் இல்லை. மழை வரும் என்று சொல்வது போலத்தான் சொன்னான். "விடுங்கோ அப்பா, நான் இதாலையே பழகிறன், பிரச்சினை இல்லை," என்றும் சொன்னான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கொஞ்சம் திருத்த வேண்டும் என்று மட்டையை வாங்கி வைத்தேன். அவன் போன பிறகு அதை இடுக்கியில் பூட்டினேன். இரண்டு பக்கமும் முகம் வைத்த மட்டை புதிதல்ல. வலமும் இடமும் அடிக்கலாம் என்று எப்போதோ கண்டுபிடித்துச் செய்திருக்கிறார்கள். எங்கள் பட்டறையில் அப்படி ஒன்று திருத்தத்துக்கு வந்தால், தன் கை எது என்று தெரியாதவனின் மட்டை என்று சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். ஆமை முதுகை அராவித் தட்டையாக்கினால் இதுவும் அப்படி ஆகும். தண்டு நடுவில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. குறைகிற எடைக்கு இன்னும் ஈயம் ஊற்றலாம்.

லேத் பட்டறை தேர்த் திருவிழாவுக்குப் பூட்டு. அரத்தை எடுத்துக்கொண்டு கையாலேயே தொடங்கினேன். படகுப் பித்தளை லேசில் தேயாது. தேருக்குச் சேர்ந்து போவோம் என்று மகன் அழைப்பு எடுத்தான். கால் நோகுது, நீ போ என்றேன். அடுத்த நாள் தீர்த்தத்துக்கும் கேட்டான். அதே கால் மறுபடியும் நொந்தது. அதற்கடுத்த நாள் விறாந்தை முழுக்கப் பித்தளைத் தூள். நேர்ச்சட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பார்ப்பதும், மறுபடி அராவுவதுமாக இருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் நல்லூரில் சனத்துக்குள் தனியாக நின்றிருக்கிறான், நான் அரியாலையில் தனியாக இருந்து கோல்ஃப் மட்டை செய்துகொண்டிருக்கிறேன். பத்தொன்பது வருடம் செய்த பிழையை, இந்த முறை சம்பளமும் இல்லாமல், திரும்பச் செய்திருக்கிறேன். அரத்தை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு எடுத்து முடித்தேன். பாதியில் விட்டால் இரண்டு கைக்கும் உதவாது.

ஆறாம் நாள் மதியம் ஒரு மணிக்கு அவனைக் கொழும்புக்கு ஏற்றிப்போக வேன் வருவதாக இருந்தது. பன்னிரண்டரைக்கு மட்டையை நான் உடுத்துப் பழசான சாரத்தில் சுற்றிக்கொண்டு லொட்ஜடியில் இறங்கினேன். கீழே சாப்பாட்டுக் கடை, முன்பக்கம் கண்ணாடி. உள்ளே ஒரு மூலை மேசையில் அவன் இருந்தான். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். இடக்கையில் கரண்டி.

அவன் சாப்பிடுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்தது வேறு பிள்ளை. அந்தப் பிள்ளை சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு பிடியையும் கணக்குப் பார்த்துத் தூக்கும். இவன் நிதானமாகக் குழைத்து, இடையில் தொலைபேசியைப் பார்த்து, ஏதோ நினைத்துத் தனக்குள் சிரித்து, வாய் நிறையச் சாப்பிட்டான். எங்கள் வீட்டில் அவனுக்குப் பசித்திருக்கிறதென்று இப்போதுதான் தெரிந்தது.

கதவில் கை வைத்தேன். தள்ளினால் மணி அடிக்கும், அவன் நிமிர்வான், கரண்டி மற்றக் கைக்குப் போய்விடும். முப்பத்தைந்து வயது மனிதன், யோசிக்காமலே மாற்றுவான். கையை எடுத்தேன்.

எங்களுக்கு இருந்தது அரை மணித்தியாலம். அதில் இருபது நிமிடம் நான் பக்கத்துக் கடையின் நிழலில், சாரம் சுற்றின மட்டையைப் பிடித்தபடி, அவனுக்குத் தெரியாமல் நின்றேன். அவன் இரண்டாம் முறை சோறு வாங்கினான். தயிர் கேட்டான். எழுந்து போய்க் கை கழுவினான். பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தவன், என்னைக் கண்டு திடுக்கிட்டான்.

"எப்ப வந்தனீங்கள், அப்பா?"

"இப்பதான்," என்றேன்.