கறுப்புத் திரையில் ஒரு பெயர்

என் சுருக்குப்பையில் வெற்றிலை பாக்கோடு ஒரு வெள்ளைச் சிப்பியும் கிடக்கும். கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். இது எதற்கு என்று பேத்தி கேட்டாள். கம்ப்யூட்டருக்கு என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். போய் உன் அம்மாவைக் கேள் என்று அனுப்பினேன். அவள் அம்மா, அதாவது என் மருமகள், சிரிக்கவில்லையாம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் இதை எழுதுகிறாள், நாலு பேர் படிக்கிற தமிழில்.

கடலூர் பக்கம் எங்கள் குப்பத்தில், அந்தப் பெரிய அலை வந்து போன பிறகு, ஒரு தகவல் மையம் திறந்தார்கள். ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், மேலே ஒலிபெருக்கி. காற்று எப்படி, அலை எவ்வளவு உயரம் என்று தினம் சொல்வார்கள். சிதம்பரத்துக்குப் பஸ் ஏறிப் போய்க் கம்ப்யூட்டர் படித்து வந்தவள் என்பதால் மருமகளுக்கு அங்கே வேலை. நானும் சிதம்பரத்துக்கு மீன் கூடையோடு போனவள்தான். அந்த ஊர்க்காரர்களிடம் நண்டு விற்பது ஒரு தனிக் கலை, அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

மீனவர் அட்டைக்குப் படம் எடுத்ததும் மருமகள்தான். என் வீட்டுக்காரர் கரையேறிய கோலத்திலேயே தலைத்துண்டோடு போய் உட்கார்ந்தார்.

"துண்ட எடுங்க மாமா."

"துண்டு இல்லாட்டி என்னைய எவனுக்கும்மா அடையாளம் தெரியும்?"

கடைசியில் துண்டில்லாமல் ஒன்று, அவர் ஆசைக்குத் துண்டோடு ஒன்று எடுத்தாள்.

அடுத்த வருஷம் கடலுக்குப் போன மனுஷன் திரும்பவில்லை. அட்டை அவர் இடுப்பில் இருந்தது, அதுவும் போயிற்று. வீட்டிலிருந்த பழைய படங்களை அந்த அலை முன்னமே வாரிக்கொண்டு போயிருந்தது. ஆக, அவர் முகம் மிச்சமிருந்தது அந்த மிஷினுக்குள் மட்டும்தான். பிரிண்டருக்குக் கலர் மை வந்ததும் படம் போட்டுத் தருகிறேன் என்று மருமகள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மை வருவதற்குள் மிஷினில் வைரஸ் புகுந்து படுத்துவிட்டது. கடலூர் ஆபீசில் கேட்டால், நாளைக்கு மூணு மணிக்கு வேன் வருகிறது, கொடுத்தனுப்புங்கள், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருகிறோம் என்றார்கள்.

மறுநாள் காலை மருமகள் சிதம்பரத்துத் தோழியிடமிருந்து இரண்டு சாமான் வாங்கி வந்தாள். ஒன்று, செய்தித்தாளில் சுற்றிய இரும்புப் பொட்டி, செங்கல்லில் பாதி இருக்கும். ஹார்ட் டிஸ்க்காம்; மிஷின் தன் சரக்கையெல்லாம் அதில்தான் வைத்துக்கொள்ளுமாம். இன்னொன்று ஒரு சி.டி. அதில் லினக்ஸ் என்று, மிஷினை ஓட்டுகிற ஒன்று இருந்தது. யாருக்கும் சொந்தமில்லை, யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாமாம். தோழியின் பொட்டியில் லினக்ஸைப் போட்டு மிஷினை எழுப்பிவிட்டால், பழைய பொட்டியில் இருக்கும் படங்களைத் தொடாமல் வெளியே எடுத்துவிடலாம். அதுதான் கணக்கு.

பழைய மிஷின் ஆனதால் படம் போட்ட திரை வரவில்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். எல்லாவற்றையும் கையால் அடிக்க வேண்டும். எதை அடிக்க வேண்டும் என்று ஒரு நீட்டு நோட்டில் வரிவரியாக எழுதி வைத்திருந்தாள். ஒரு வரி தவறினாலும் கெட்டுவிடும் என்றாள். நான் கதவருகில் கிடந்த சிப்பியைப் பொறுக்கி வந்து முதல் வரியில் வைத்தேன். அவள் அடித்து முடிக்க முடிக்க ஒவ்வொரு வரியாகக் கீழே நகர்த்தினேன். அரை நாள் அதுதான் என் வேலை.

ஓரிடத்தில் அவள் கை நின்றுவிட்டது.

"என்னாம்மா?"

"எந்தப் பொட்டில போடணும்னு கேக்குது அத்தே. ரெண்டும் ஒரே அளவு, ரெண்டுலயும் பழைய சரக்கு இருக்குது. எது எதுன்னு தெரியல. மாத்திச் சொல்லிட்டா மாமா படம் அழிஞ்சிடும்."

"அப்பறம்?"

"மொதல்ல இருக்கறது தோழியோடதுன்னுதான் நெனைக்கறேன்."

நினைக்கிறாளாம்! விரல் அந்தப் பெரிய பட்டன் மேல் போய்விட்டது.

"கைய எடு புள்ள! புதுப் படக வெள்ளோட்டம் வுடறப்ப நல்ல வலைய எவனாவது அதுல ஏத்துவானா? கரையில எறக்கி வெச்சிட்டுத்தான தள்ளுவான்? அந்தப் பழசு எதுக்குடி உள்ள இருக்குது?"

அவள் என்னையே பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். மிஷினை அணைத்து மூடியைக் கழற்றினாள். உப்புக் காற்றில் ஆணி துருப்பிடித்திருந்ததுதான் எங்கள் பொட்டி. ஒயரைப் பிடுங்கி அதை என் மடியில் வைத்தாள். "இத கெட்டியா புடிச்சிக்குங்க." சிப்பியை மறுபடி முதல் வரிக்கு ஏற்றினேன்.

இடையில் கரண்டு போகக்கூடாதே என்று எல்லையம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். அவர் உயிரோடு இருந்தபோதுகூட இவ்வளவு நேரம் அவரை மடியில் வைத்துக்கொண்டதில்லை.

சிப்பி கடைசி வரிக்கு வந்தபோது வாசலில் வேன் சத்தம் கேட்டது. மருமகள் மிஷினை அணைத்து, என் மடியிலிருந்த பொட்டியைத் திரும்ப மாட்டி எழுப்பி, எதையோ அடித்தாள். முடியாது என்றது. மறுபடி அடித்தாள். முடியாது. "மிஷின் ரெடியாம்மா?" என்று டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "மொதல்ல டீ குடிச்சிட்டு வாங்க தம்பி" என்று நானே விரட்டினேன். அவள் நோட்டைப் பார்த்தாள், சிப்பியைத் தள்ளி அதன் அடியில் இருந்த எழுத்தைப் பார்த்தாள். "ஒரு எழுத்து வுட்டுட்டேன் அத்தே." அடித்தாள்.

திரை நிறைய எழுத்து ஓடி நின்றது. எல்லாம் படங்களுக்கு வைத்த குப்பத்து ஆட்களின் பெயர்களாம். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள். கீழவீட்டுக்காரர், வலை பின்னுகிறவர், அவர் தம்பி. திடீரென்று நிறுத்தினாள். மாமனார் பெயரை எங்கள் வீட்டில் மருமகள் சொல்வதில்லை, நானும் சொன்னதில்லை. திரையில் ஒரு வரியின் கீழ் விரலை வைத்தாள். முகம் இன்னும் வரவில்லை, எழுத்துதான். அவர் பெயர் எழுத்தில் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். அதற்கடுத்த வரியும் அதே மாதிரி இருந்தது. "துண்டோட எடுத்தது" என்றாள்.

வேன் காலியாகத் திரும்பிப் போனது.

துண்டோடு இருக்கும் படம்தான் இப்போது வீட்டில் மாலை போட்டுத் தொங்குகிறது; சிதம்பரத்தில் பெரிதாகப் போட்டு வாங்கியது. பேத்தியின் செல்லில் என் படம் மட்டுமே நூறு இருக்கும், நான் கொட்டாவி விடுவதுகூட. இருக்கட்டும். அந்த நீட்டு நோட்டு என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. கடைசி வரிக்குக் கீழே, திரையில் இருந்தபடியே அவர் பெயரை மருமகள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். சில நாள் நோட்டைப் பிரித்து, சிப்பியை எடுத்து, அந்த வரியில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். எனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே வரி அதுதான்.