கறுக்காத கிழங்கு

என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழையும் வரும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் எழுதுவது இது. பொறுத்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.

ஆக்லாந்துக்கு வந்த புதிதில் உருளைக்கிழங்கு வெட்டும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. சிப்ஸ் கடைகளுக்குப் போகும் கிழங்கு. துண்டுகள் கறுக்காமலிருக்க, வெள்ளைத் தூள் கரைத்த தொட்டியில் அவற்றை முக்கி எடுப்போம். சல்ஃபைட் என்பார்கள். பையைத் திறந்தால் தீக்குச்சி உரசிய நெடி வரும்.

வேலை பழக்கியவர் தஞ்சாவூர்க்காரர். "அண்ணே, மூக்கைக் கிட்ட கொண்டு போகாதீங்க. உங்களுக்கு நீளமான மூக்கு, அதுதான் முதல்ல மாட்டும்" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "புளிப்பு எதுவும் இதுல படக் கூடாது. பட்டா வாயு கிளம்பும். ஆஸ்துமாக்காரங்களுக்கு மூச்சே அடைச்சிடும்."

தலையாட்டினேன். என் மனைவிக்கு அந்தத் தொய்வு நோய் இருப்பதைச் சொல்லவில்லை. எனக்கு ஆட்களோடு கதைக்க வராது.

ஒரு குளிர்காலச் சனிக்கிழமை. மறுநாள் மவுண்ட் ரோஸ்கில் மண்டபத்தில் பூசை; சமையல் எங்கள் முறை. போன தடவை எங்கள் கிழங்குக் கறியைப் பார்த்து ஒருத்தி, "இதென்னடி, அடுப்புக்கரியும் போட்டனியோ?" என்று கேட்டது மனைவிக்கு ஆறவேயில்லை. அதனால் இரண்டு கரண்டி தூளைத் தொழிற்சாலையில் கேட்காமல் எடுத்து வந்திருந்தேன். வெட்டிய கிழங்கு கிடந்த வாளியில் போட்டேன். களவு தெரிந்தால் ஏசுவாள் என்று அவளிடம் சொல்லவில்லை.

கை கழுவிவிட்டுத் திரும்பினால், அவள் அதே வாளிக்குள் தேசிக்காய் பிழிந்துகொண்டிருந்தாள். கிழங்கு கறுக்காமலிருக்க அவளுக்குத் தெரிந்த வழி அது. யன்னல்கள் பூட்டியிருந்தன.

"என்னப்பா, ஏதோ நெடியாக் கிடக்கு" என்று குனிந்தாள். பிறகு நெஞ்சைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் தாதி, என்ன நடந்தது என்று கேட்டாள். "லெமன்" என்றாள் மனைவி, முகமூடிக்குள்ளிருந்து. தாதி என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். பயம்கூட வரவில்லை. எனக்குள் ஒன்றுமே இருக்கவில்லை.

கிழங்கை வீட்டின் பின்புறம் கொட்டினேன். மூன்று நாளாகியும் அது வெள்ளையாகவே கிடந்தது.

அன்றிலிருந்து வீட்டில் தேசிக்காய் இல்லை. "எனக்கு அது ஒத்துக்கொள்ளாது" என்று எல்லாரிடமும் சொல்கிறாள். புளியில்லாத சொதியைச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைக்கிறேன். இப்படியே நாலு வருடம்.

போன கிழமை உலர்ந்த அப்ரிகாட் பழம் தின்றாள். மறுபடியும் இழுத்தது. அவள் தூங்கிய பிறகு பைக்கற்றைத் திருப்பிப் பார்த்தேன். எனக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் தூள் மூட்டையில் தினமும் பார்த்த எழுத்துகள் அவை.

வாயால் சொல்ல முயன்றேன், முடியவில்லை. இந்தத் தாளையும் பைக்கற்றையும் மேசையில் வைக்கிறேன். அவள் வாசித்து டாக்டரிடம் சொல்லட்டும்.

16.08.1998, ஞாயிற்றுக்கிழமை