மொட்டையரும் கண்ணாடிக்காரரும்

முதல் மரத்தில் கத்தி வைப்பதற்கு முன்பே சுகந்தினியின் சட்டைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் அரபியில் ஏசத் தொடங்கிவிடும். இலங்கையில் கஹவத்தைக்கு மேலே, ரப்பர் மரங்களுக்கு நடுவில், விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் அதைக் கேட்டுப் புதிதாகப் பால் வெட்ட வந்தவர்கள் திடுக்கிட்டதுண்டு. பழகியவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. சுகந்தினி கத்தியை நிறுத்தாமல் முழுவதையும் கேட்பாள். நாலாவது மரத்துக்குப் போய்ச் சேரும்போது பதில் தயாராகியிருக்கும். போனை எடுத்து, விரலில் ஒட்டியிருக்கும் பாலைச் சேலையில் துடைத்துவிட்டு, அதே உடைந்த அரபியில் திருப்பிக் கொடுப்பாள். கடைசியில் மட்டும் தமிழில் "கேட்டுச்சா?" என்பாள்.

சண்டை எதைப் பற்றி என்று விசாரித்தவர்கள் விசாரிக்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்திருப்பார்கள். கூடைப்பந்தாட்டத்தில் எல்லாக் காலத்துக்கும் சேர்த்துப் பெரிய ஆட்டக்காரர் யார் என்பதுதான் சண்டை. இருபது வருடமாக நடக்கிறது.

சுகந்தினிக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒடிசலான உடம்பு. நடக்கும்போது வலது பக்கம் கொஞ்சம் சாய்வாள். வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கூடைப்பந்தைக் கையில் தொட்டதில்லை. தோட்டத்தில் இருப்பது ஒரு கைப்பந்து மைதானம். அதிலும் பாதி நாள் தண்ணீர். மற்றபடி எல்லா வீட்டிலும் கிரிக்கெட்தான். இவள் பேச்சைப் புரிந்துகொள்ள, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஆளில்லை. கணவன் யோகராஜ் தோட்டத்துக் காவல்காரன். இத்தனை வருடத்தில் அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறான். "அந்த ஆளுங்க யாருக்காவது ஒன்ன தெரியுமா?" தெரியாது என்றாள் அவள். அத்தோடு அவன் விட்டுவிட்டான்.

குவைத்தில் ஒன்பது வருடம் ஒரு வீட்டில் வேலை செய்தாள். கூட வேலை பார்த்தவள் பிலிப்பைன்ஸ்காரி, பெயர் மாரிசெல். சுகந்தினி அதை 'மாரி' என்று சுருக்கிவிட்டாள். அதனால் லயத்தில் பலர் மாரி என்பவள் பதுளைப் பக்கத்துத் தமிழச்சி என்றே இன்றுவரை நம்புகிறார்கள். அந்த வீட்டுப் பையன் கூடைப்பந்துப் பைத்தியம். பகல் முழுக்கப் பழைய ஆட்டங்களைப் பெரிய தொலைக்காட்சியில் ஓடவிடுவான். அதே அறையில்தான் இரண்டு பெண்களும் நின்று மலைபோல் குவிந்த துணிகளை இஸ்திரி போட வேண்டும். மாரிக்கு ஊரிலேயே அந்த விளையாட்டு சின்ன வயதிலிருந்து பழக்கம். சுகந்தினிக்கு முதலில் பத்து உயரமான ஆட்கள் ஒரு பந்துக்கு அலைவதாகத்தான் தெரிந்தது. இரண்டு மாதம் போனதும் ஆளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தது. ஆறு மாதத்தில் கட்சி கட்டிக்கொண்டாள்.

ஆட்டக்காரர்களின் பெயர் அவள் வாயில் நுழையவில்லை. அவளே பெயர் வைத்தாள். மைக்கேல் ஜோர்டன் மொட்டையர். கண்ணுக்குப் பெரிய கண்ணாடி மாட்டிக்கொண்டு ஆடிய கரீம் அப்துல் ஜப்பார் கண்ணாடிக்காரர். அப்போது இளந்தாரியாக வந்து இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் லெப்ரோன் ஜேம்ஸ், தாடி வளர்ந்த பிறகு தாடிக்காரர் ஆனார். மாரி மொட்டையர் கட்சி. ஆறு தடவை இறுதியாட்டத்துக்குப் போனார், ஆறிலும் கிண்ணம், தோல்வியே கிடையாது என்பாள். சுகந்தினிக்கும் அவர் ஆட்டம் பிடிக்கும். ஆனால் அவளுடைய அளவுகோல் வேறு. மொட்டையர் நடுவில் வேலையை விட்டுவிட்டு வேறொரு பந்து விளையாடப் போனவர். வந்தார், மறுபடி போனார், மறுபடி வந்தார். கண்ணாடிக்காரரோ இருபது சீசன், நாற்பத்திரண்டு வயதுவரை, விடாமல் இறங்கியவர்.

"வேலைக்கே வராதவர எப்பிடி பெரிய ஆளுன்னு சொல்றது?" என்பாள். "நாங்க அப்பிடி போனா பெரட்டுல பேரயே வெட்டிருவாங்க."

பெரட்டு என்பது விடியற்காலையில் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்தி யாருக்கு எந்த வேலை என்று பிரிக்கும் இடம். பத்தொன்பது வயதிலிருந்து, குவைத்துக்குப் போயிருந்த காலம் தவிர, சுகந்தினி அங்கே பால்வெட்டு வரிசையில்தான் நின்றிருக்கிறாள். காய்ச்சலோடு நின்றிருக்கிறாள். மகள் ஷாமிளாவைப் பெற்றெடுத்து மூன்று மாதத்தில் வந்து நின்றிருக்கிறாள். அவளுக்குப் பெரிய ஆள் என்றால் மறுநாளும் வருகிறவர்.

குவைத்திலிருந்து வந்த பிறகு இந்தச் சண்டையில் மூன்றாவதாக ஒரு ஆள் சேர்ந்தான். கஹவத்தை பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே போன் திருத்தும் கடை வைத்திருக்கும் ஹில்மி. ரப்பர் பால் புகுந்து இவள் போன் ஊமையாகிவிட்டது என்று கொண்டுபோனபோது, திருத்திச் சோதித்துப் பார்த்தவன் மாரியின் குரலைக் கேட்டுவிட்டான். அவனும் தோஹாவில் ஆறு வருடம் சாப்பாடு கொண்டுகொடுக்கும் மோட்டார் சைக்கிள் ஓட்டியவன். அந்த உடைந்த அரபி அவனுக்கு விளங்கியது. அன்றைக்கு ஒரு மணி நேரம் கடையில் வேறு வேலை நடக்கவில்லை. அவன் தாடிக்காரர் கட்சி. ஒருநாள் சுகந்தினியை மடக்கியும் விட்டான்.

"அக்கா, ஒங்கட பேச்சுப்படி பாத்தா என்ட ஆள்தானே பெரியவர்? இது இருவத்தி மூணாவது சீசன். ஒங்கட கண்ணாடிக்காரர் இருவதுதானே."

சுகந்தினி விட்டுக்கொடுக்கவில்லை. "அவரு இன்னும் ஆட்டத்த விடலயே தம்பி. வேல முடிஞ்சி வீட்டுக்குப் போகட்டும். அப்பறம் பேசுவோம்."

எப்படி முடித்தார்கள் என்பதைச் சேர்க்காமல் யாரையும் எடை போடக்கூடாது என்பதை அவளாகவே சொன்னது அன்றுதான். சொன்னது அவளுக்கே பிறகு வினையாக வந்தது.

இந்த வருடம் இலையுதிர்ந்து மரங்கள் மறுபடி தளிர்த்து, வெட்டு ஆரம்பித்ததிலிருந்தே வலது தோள் சரியில்லை. அவள் பங்குக்கு விழுந்த மரங்கள் கிழடுகள். கீழ்ப்பட்டை எல்லாம் வெட்டித் தீர்ந்து, இப்போது மேல்பட்டையில்தான் வெட்டு. கை தலைக்கு மேலே போக வேண்டும். ஒரு காலைக்கு இருநூற்றைம்பது தடவை போக வேண்டும். இரத்தினபுரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், தோளுக்குள்ளே இருக்கும் நரம்பு நார் தேய்ந்துவிட்டது, இனிக் கையைத் தூக்கி வேலை செய்யக்கூடாது என்று சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். அவளும் நிதானமாகத் தலையாட்டிவிட்டு மறுநாள் காலை பெரட்டுக்கு வந்தாள்.

தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் வெளிக்கள ஐயா நல்ல மனிதர். சிங்களவர், முப்பத்தைந்து வயதிருக்கும், இவளை "அக்கே" என்றுதான் கூப்பிடுவார். நாற்று மேடைக்கு வாருங்கள், பைக்கு மண் நிரப்பும் வேலைதானே என்று மூன்று தடவை கேட்டார். நாற்று மேடையில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் பென்சன் எடுக்கப் போகிறவர்கள், இல்லாவிட்டால் சுகமில்லாதவர்கள். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று மூன்று தடவையும் சொல்லிவிட்டாள். யோகராஜிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வலியைக் காட்டிக்கொள்ளாமல் கத்தியை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

பழகாத கை. பட்டையோடு நிற்க வேண்டிய கத்தி மரம்வரை போய்விட்டது. வெட்டுப்பட்ட இடம் பிறகு புடைத்துக்கொண்டு முடிச்சு விழும். அங்கே இனிப் பட்டை ஒழுங்காக வராது. ஒரு வியாழக்கிழமை ஐயா வந்து பார்த்தார். ஒன்பது மரங்கள். ஏசியிருந்தால் சுகந்தினி பதில் சொல்லியிருப்பாள். அவர் ஏசவில்லை. ஒவ்வொரு மரத்தின் காயத்தையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தார். கடைசி மரத்தில் நின்று, "அக்கே, இது உங்கள் கை வெட்டிய வெட்டு இல்லையே" என்று சிங்களத்தில் சொன்னார். அவ்வளவுதான். அன்றைக்குப் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு, பால் சேர்க்கும் ஸ்டோருக்குப் போகும் வழியில் இரண்டு இடத்தில் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அதே வாரத்தில்தான் மாரியின் குரல் வந்தது. வழக்கமாக மூன்று நிமிடத்துக்குக் குறையாமல் பேசுகிறவள், இந்த முறை ஏழு விநாடி.

"அனா தஃபான். கலாஸ்."

நான் களைத்துப்போய்விட்டேன், முடிந்தது என்று அர்த்தம். விவரம் பிறகு வந்தது. இருபத்திரண்டு வருடமாக இருந்த அதே வீட்டில், வெள்ளிக்கிழமைச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வீட்டுக்காரம்மாவிடம் போய் இனி முடியாது என்று சொல்லியிருக்கிறாள். யாரும் போகச் சொல்லவில்லை. சண்டையும் இல்லை. இன்னும் நாலு வருடம் உழைக்கலாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்களாம். விமானம் பதினான்காம் தேதி.

சுகந்தினிக்குக் கோபம் வந்தது. ஏன் என்று அவளுக்கே தெளிவாகவில்லை. மாரி போகப்போவது தன் பிள்ளைகளிடம். அதில் கோபப்பட என்ன இருக்கிறது? ஆனாலும் மரத்தடியில் நின்று போனை வாய்க்குக் கிட்ட வைத்து, நீயும் உன் மொட்டையர் மாதிரித்தான், பாதியில் விட்டுவிட்டுப் போகிறவள் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை பதில் வந்தது. மாரி ஏசவில்லை. மொட்டையர் இரண்டாம் தடவை திரும்பி வந்தது தப்புத்தான் என்றாள். வயது போய், வேறொரு அணிக்கு வந்து, கிண்ணத்துக்கான சுற்றுக்குக்கூட அந்த அணியைக் கொண்டுபோக முடியாமல் நின்றார், அதைப் பார்க்கத் தனக்கு மனசே இல்லை என்றாள். ஆனால் போனது தப்பில்லை, திரும்பி வந்ததுதான் தப்பு, நான் திரும்பி வரமாட்டேன் என்று முடித்தாள்.

இருபது வருடத்தில் மாரி ஒரு புள்ளியாவது விட்டுக்கொடுத்தது இதுதான் முதல் தடவை. ஜெயித்த மாதிரி சுகந்தினிக்கு இருக்கவில்லை. அன்று எந்தக் கையாலும் அவள் சரியாக வெட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கஹவத்தைக்கு மரக்கறி வாங்கப் போனவள் ஹில்மியின் கடையில் ஏறினாள். கண்ணாடிக்காரரின் கடைசி வருட ஆட்டம் இருந்தால் போட்டுக் காட்டச் சொன்னாள். இத்தனை காலம் அவள் பார்த்ததெல்லாம் அவருடைய நல்ல காலத்து ஆட்டங்கள். கடைசி வருடத்தைக் கணக்கில் வைத்திருந்தாளே தவிரப் பார்த்ததில்லை. ஹில்மி தேடி எடுத்துக் கணினியில் ஓடவிட்டான். இறுதியாட்டத் தொடர். நாலு ஆட்டம், நாலும் தோல்வி. எல்லாரும் அந்தப் பக்கம் ஓடிப்போன பிறகு நெடிய உருவம் ஒன்று பின்னால் போய்ச் சேருகிறது. அது போய்ச் சேருவதற்குள் பந்து இந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது. சுகந்தினி ஸ்டூலில் உட்கார்ந்து, மரக்கறிப் பையை மடியில் வைத்தபடி, கடைசிவரை பார்த்தாள்.

ஹில்மிக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. "அந்த வருஷத்த விடுங்க அக்கா. அதுக்கு முந்தி பத்தொம்பது வருஷம் ஈக்கிதானே."

"இல்ல தம்பி" என்றாள் சுகந்தினி. "இந்த வருஷம் அவரு மத்தவங்களுக்கு எடஞ்சலா நின்னுருக்காரு. அவருகிட்ட யாரும் சொல்லல போல."

பிறகு, "சொல்லியிருப்பாங்க" என்றும் சொன்னாள்.

மறுநாள் விடியற்காலை மழை தூறிக்கொண்டிருந்தது. பெரட்டில் பால்வெட்டுக்காரர்கள் ஒரு பக்கம், மற்ற வேலைக்காரர்கள் ஒரு பக்கம். சுகந்தினி வந்து வழக்கமான இடத்தில் நின்றாள். கங்காணி பெயர் கூப்பிட ஆரம்பித்ததும், சேலை முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு வரிசைக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தைத் தாண்டி நடந்தாள். பத்தடிதான் இருக்கும். அந்தப் பக்கம் நின்ற சுப்பம்மா தள்ளி நின்று இடம் கொடுத்தாள். ஐயா தாளில் ஏதோ திருத்தினார்.

நாற்று மேடையில் ஒரு பலகைத் துண்டில் உட்கார்ந்து கறுப்புப் பைகளில் மண் நிரப்ப வேண்டும். கை இடுப்புக்கு மேலே போகத் தேவையில்லை. முதல் கிழமை முழுக்க அவள் முகம் கொடுத்து யாரிடமும் பேசவில்லை. யோகராஜ் விஷயத்தை அடுத்தவர் வாயிலிருந்துதான் கேட்டுத் தெரிந்துகொண்டான். வீட்டுக்கு வந்து அவள் தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டான். மாரியிடம் அவள் சொல்லவேயில்லை. பதினான்காம் தேதி போய், பதினைந்து, பதினாறும் போயின. இரண்டு பக்கமும் சத்தமில்லை. ஹில்மிகூட ஒருமுறை போன் செய்து, மாரி அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாரா என்று கேட்டான். தெரியாது என்றாள்.

பத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு, பக்கத்துக் கல்லின்மேல் வைத்திருந்த போன் துடித்தது. மாரியின் படம். குரல் செய்தி, நாலு நிமிடம் பன்னிரண்டு விநாடி. சுகந்தினியின் இரண்டு கையும் மணிக்கட்டுவரை ஈரமண். துடைக்க எட்டும் தூரத்தில் துணி இல்லை. தண்ணீர்ப் பீலி மேட்டுக்கு அந்தப் பக்கம். சுப்பம்மா எடுத்துத் தரவா என்று கேட்டாள். சுகந்தினி வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, மண் கை இரண்டையும் பக்கவாட்டில் விரித்துப் பிடித்துக்கொண்டு, இடுப்பை மடித்துக் கல்லின்மேல் குனிந்து, மூக்கு நுனியால் திரையைத் தொட்டாள்.