பதினெட்டு வயதுக்கு முழு டிக்கெட்

என் தங்கை கொரின் இரண்டாம் தடவை கல்யாணம் செய்துகொண்டபோது மாப்பிள்ளையைப் பற்றி ஊரில் ஒருவரும் குறை சொல்லவில்லை. வெர்லின் குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்கு வருவான். இண்டியானாவில் மன்சி நகரத்துக்கு வெளியே ஒரு ஜல்லிக் குவாரியில் லாரிகளை எடை போடுகிற வேலை. நான் ஒருத்திதான் சொன்னேன், இவன் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் என்று. கல்யாண விருந்தில் மேசை மேசையாகப் போய், யாரும் தொடாத வெண்ணெய்ப் பொட்டலங்களை அவன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். மாப்பிள்ளைக் கோலத்தில்!

அப்போது கொரினின் மூத்த மகள் மார்லிக்கு ஐந்து வயது. பிறகு இவனுக்குக் கோல்பி பிறந்தான், எட்டு வருஷம் கழித்து வேட் பிறந்தான். மூன்று பிள்ளைகளுக்கும் முடி வெட்டுவது வெர்லின்தான், சமையலறையில், நாய்க்கு வெட்டுகிற அதே மெஷினால். உணவகத்துக்குப் போனால் கொரினும் பிள்ளைகளும் தண்ணீர்தான் குடிக்க வேண்டும். எலுமிச்சைத் துண்டு இலவசமாகக் கிடைக்கும், மேசையில் சர்க்கரை இருக்கும், கலக்கினால் எலுமிச்சைச் சாறு தயார் என்பான். இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். கஞ்சத்தனத்தைக்கூட மன்னித்துவிடலாம், அந்த வெளிச்சத்தை என்னால் ஒரு நாளும் மன்னிக்க முடிந்ததில்லை.

இப்பேர்ப்பட்டவனுக்குக் கப்பல் ஆசை வந்தது. குவாரியில் கூட வேலை பார்க்கிறவன் ஒருவன் குடும்பத்தோடு கரீபியன் கடலில் ஏழு நாள் சுற்றிவிட்டு வந்து படம் காட்டினான். அன்றைக்குப் பிடித்தது. பதினாலு மாதம் அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஃபிரிட்ஜ் கதவில் பெரிய அட்டை ஒன்று ஒட்டினான். அதில் பிள்ளைகள் பெயர், வயது, கப்பலில் எந்த வயதுக்கு எந்த விளையாட்டுக்கூடம் என்று கட்டம் கட்டமாக. பதினொரு வயது கோல்பிக்கு ஒரு கூடம். மூன்று வயது வேடுக்கு இன்னொன்று. பதினேழு வயது வரை உள்ளவர்களுக்கு மேல்தளத்தில் தனி இடம். மார்லி பெயரை அங்கே எழுதியிருந்தான். ஜன்னல் இல்லாத ஒரே அறை, ஐந்து பேர் படுக்கலாம். பெற்றோர் இருவருக்கும் டிக்கெட், அதே அறையில் தங்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் இலவசம்.

"நாடீன், இலவசம்! புரியுதா? மூணு புள்ளைங்களும் ஏழு நாள் மூணு வேளையும் சாப்பிடப் போகுதுங்க. அதுவும் இலவசம்," என்றான்.

"அதுங்க வீட்ல சாப்பிட்டா காசு கேக்குறியா என்ன?" என்றேன்.

சிரித்தான். அவனுக்கு எதுவும் உறைக்காது.

ஒரு சிக்கல் இருந்தது. சின்னவனைக் கூடத்தில் விட வேண்டுமானால் அவன் டயப்பர் பழக்கம் விட்டிருக்க வேண்டும். வேட் அதைப் பற்றிக் கவலைப்படுகிற பையன் இல்லை. அட்டையில் வெர்லின் நட்சத்திரம் ஒட்டக் கட்டம் போட்டானே தவிர, பள்ளி விட்டு வந்து, பிறகு மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் கோப்பு அடுக்கிவிட்டு வந்து, அந்தப் பொடியனைக் கழிப்பறையில் உட்கார வைத்துப் பாட்டுப் பாடியவள் மார்லி. மூன்று மாதம் பாடினாள். ஜனவரியில் வேட் தேறினான். வெர்லின் நட்சத்திரம் ஒட்டினான்.

அதே ஜனவரியில்தான் மார்லி அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். கப்பலில் ஏறப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். வெர்லின் நீலக் கோப்பு ஒன்றில் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தான். வேடுக்கு என்று அவன் வைத்திருந்தது பிரசவம் பார்த்த மருத்துவமனை வாழ்த்தோடு கொடுத்த காகிதம். தங்க முத்திரை, ரிப்பன் படம், கீழே குழந்தையின் இரண்டு பாதங்களும் மையில் பதிந்திருந்தன.

"இது செல்லாது, வெர்லின். எங்க ஆபீஸுக்குத் தினமும் யாராவது இதைத் தூக்கிட்டு வந்து திரும்பிப் போறாங்க. இது சும்மா ஞாபகத்துக்குக் குடுக்குறது. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, நாளைக்கே நான் சர்க்கார் காகிதம் வாங்கிட்டு வந்துடறேன்," என்றாள்.

"எவ்வளவு?"

"பதினஞ்சு டாலர்."

வெர்லின் காகிதத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான். "தங்க முத்திரை இருக்கு. கால் ரேகையே இருக்கு. இதைவிட என்ன அத்தாட்சி வேணும்? பெரியவங்க விஷயத்துல குழந்தைங்க தலையிடக் கூடாது, மார்லி."

ஆனை வாங்கினவன் அங்குசத்துக்குப் பேரம் பேசினான். நான் அப்போது அவர்கள் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். பேசாமல்தான் இருந்தேன். அவன் எங்கேயாவது முட்டிக்கொள்ளட்டும் என்று எனக்கு ஓர் ஆசை இருந்தது.

மூன்று வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது வெர்லின் தொண்டையைக் கனைத்தான். சலுகையின் சிறு எழுத்துகளை மறுபடி படித்தானாம். பிள்ளைகளின் வயதைக் கப்பல் புறப்படும் நாளில்தான் பார்ப்பார்களாம். கப்பல் மார்ச் பதினைந்து. மார்லிக்குப் பதினெட்டு முடிவது மார்ச் பதினொன்று.

"நாலு நாள்!" என்றான், யாரோ அவனை ஏமாற்றிவிட்ட மாதிரி. "நாலே நாள்ல அவ பெரியவ ஆயிடறா. பெரியவங்களுக்கு முழு டிக்கெட். அதுக்கு முந்தின வாரம் போலாம்னா ஸ்கூல் லீவு இல்ல."

கோல்பி உருளைக்கிழங்கை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தான். மார்லி தன் அம்மாவைப் பார்த்தாள். கொரின் வேடின் வாயைத் துடைத்தாள், துடைத்த வாயையே மறுபடி துடைத்தாள். என் கூடப் பிறந்தவள்தான், ஆனாலும் சொல்கிறேன், இப்படி ஒரு வாயில்லாப் பூச்சியை நான் பார்த்ததில்லை.

"அதனால நான் வரல. அதானே?" என்றாள் மார்லி.

"நீ வேற வழியில வர்ற!" என்றான் வெர்லின். அந்த வெளிச்சம் முகத்தில் வந்துவிட்டது. துறைமுகத்தில் ஏழு நாள் வண்டி நிறுத்தினால் தினக் கட்டணம். மார்லி இவர்களை இறக்கிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டால் அது மிச்சம். ஒரு மணி நேரத் தூரத்தில் என் சிநேகிதி ஓப்பலுக்கு டிரெய்லர் வீடு இருப்பது அவன் நினைவுக்கு வந்திருக்கிறது. நானும் கூடப் போனால் பெண்ணுக்குத் துணை. "ரெண்டு பேருக்கும் ஃபுளோரிடா லீவு. ஒரு காசு செலவில்ல."

நான் பொரிந்து தள்ளினேன். பதிமூன்று வருஷம் வளர்த்த பெண்ணை நாலு நாள் கணக்கில் கழித்துவிடுகிற நீயெல்லாம் மனுஷனா என்று கேட்டேன். அவன் இன்னும் கொஞ்சம் பீன்ஸ் போட்டுக்கொண்டான். என் வீட்டுக்குத் திரும்பியும் எனக்கு ஆறவில்லை. அந்த வாரம்தான் வாங்கியிருந்த புது நாற்காலியில், முதுகைப் பிடித்துவிடுகிற அந்தப் பெரிய தோல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, எனக்குத் தெரிந்த எல்லாருக்கும் போன் போட்டு அவனைத் திட்டினேன். பல் மருத்துவர் ஒருவரிடம் முப்பது வருஷம் வரவேற்பில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் நான். எனக்குத் தெரிந்தவர்கள் நிறைய.

பதினொன்றாம் தேதி மார்லிக்குப் பிறந்தநாள். நான் வாழ்த்து அட்டைக்குள் இருபத்தைந்து டாலர் வைத்துக் கொடுத்தேன். வெர்லின் ஒரு பனியன் கொடுத்தான். மஞ்சள் நிறம், முதுகில் நங்கூரம், 'எங்கள் குடும்பக் கப்பல் பயணம்' என்ற எழுத்து. கப்பலுக்குப் போகிற குடும்பங்கள் ஒரே மாதிரி பனியன் போட்டுக்கொள்வது வழக்கமாம். நாலு பேருக்குத்தான் வேண்டும். ஆறாக வாங்கினால் மலிவு. ஐந்தாவது மார்லிக்கு, ஆறாவது எனக்கு. போகாத பயணத்துக்குப் பனியன் கொடுத்தவனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? மார்லி நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். மறுநாள் அதை வைத்து வண்டிக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஃபுளோரிடாவரை பதினாறு மணி நேரப் பயணத்தில் பாதிக்கு மேல் ஓட்டியவள் அவள்தான். வழியெல்லாம் குளிர்பெட்டியில் கொண்டுவந்த இறைச்சி ரொட்டிதான். ஜார்ஜியாவில் அது நாற ஆரம்பித்தது. கடுகுச் சாந்தை அதிகமாகத் தடவிக்கொண்டால் தெரியாது என்றான் வெர்லின்.

ஞாயிறு காலை துறைமுகம். போர்ட்டர் பெட்டியைத் தொட்டால் இனாம் கொடுக்க வேண்டும் என்பதால் ஐந்து பெட்டிகளையும் மார்லிதான் பயணிகள் கூடத்து வாசல்வரை இழுத்துப்போய் வைத்தாள். நாலு மஞ்சள் பனியன்களும் கை அசைத்துவிட்டு உள்ளே போயின. மார்லி திரும்பி வந்து ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை. முன்னால் இருந்த வண்டிகள் நகரக் காத்திருந்தோம். வரிசை நகர்வதாக இல்லை.

அரை மணி நேரத்தில் ஒரு மஞ்சள் பனியன் ஓடி வந்தது. வெர்லின். கையில் நீலக் கோப்பு, முகம் செக்கச் சிவந்திருந்தது. அவனுக்குப் பின்னால் இடுப்பில் வேடோடு கொரின், அவளை ஒட்டிக் கோல்பி.

"கால் ரேகை செல்லாதாம்! கவுன்ட்டர்ல இருக்கிற பொம்பள சிரிக்கிறா, நாடீன். இதை ஃபிரேம் போட்டு வீட்ல மாட்டுங்கன்னு சொல்றா. சர்க்கார் காகிதம் இல்லாம பையனை ஏத்த மாட்டாங்களாம்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை. எந்த அலுவலகமும் திறந்திருக்காது. திறந்திருந்தாலும் இண்டியானாவில் இருக்கிறது. இன்னும் ஒரு மணி நேரத்தில் கதவை மூடிவிடுவார்கள். வெர்லின் மூச்சு வாங்கினான், மார்லியைப் பார்த்தான். அந்த முகத்தில் வெளிச்சம் வருவதை நான் பார்த்தேன். ஐயோ, அந்த நேரத்திலும் வந்தது!

"பரவால்ல. மார்லி இருக்காளே. அவன் உக்கார்ற குழந்தை சீட்டும் வண்டிலயே இருக்கு. நீ இவனை ஏழு நாள் வெச்சுக்கோ, கண்ணு. அவன் உங்கிட்டதான் நல்லா இருப்பான்."

மார்லி கைகளை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்கவில்லை.

"வெர்லின், இன்னைக்கு எனக்கு என்ன வயசு?"

"என்ன கேள்வி இது? நேரமாவுது!"

"ஜனவரியில காகிதத்தைப் பத்திச் சொன்னப்ப நான் குழந்தை. டிக்கெட் வாங்குறப்பப் பெரியவ. இப்ப நான் எது? குழந்தைன்னா பெரியவங்க விஷயத்துல தலையிட மாட்டேன். பெரியவன்னா, இது எனக்கும் லீவு."

வெர்லின் மெல்லக் கொரின் பக்கம் திரும்பினான். எதிர்பார்த்ததுதான். பெண்டாட்டி இருக்கிறாளே.

கொரின் வேடை அவன் கையில் கொடுத்தாள். கொடுத்தாள் என்பதைவிட, மாட்டிவிட்டாள் என்று சொல்லலாம்.

"ரூம்ல ஒரு பெரியவங்க இருந்தா போதுமாம். நான் கேட்டுட்டேன்," என்றாள். "பதினாலு மாசம் நீ திட்டம் போட்ட, வெர்லின். ஏழு நாள் நீயே பையனைப் பாத்துக்க." கோல்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்தைப் பார்த்து நடந்தாள். கோல்பி மட்டும் திரும்பி அக்காவுக்குக் கை காட்டினான். கொரின் மகள் பக்கம் திரும்பவே இல்லை. அவளைப் பாராட்டலாமா என்று ஒரு கணம் யோசித்திருந்தேன். அதையும் கெடுத்துக்கொண்டாள்.

போலீஸ்காரர் வண்டியை எடுக்கச் சொல்லித் தட்டினார். வெர்லின் பின்சீட்டில் ஏறினான். வேடைச் சீட்டில் கட்டத் தெரியாமல் வாரைத் திருகிக்கொண்டிருந்தான். மூன்று வருஷமாக அவன் பிள்ளை, வார் எங்கே மாட்டும் என்று தெரியவில்லை. எனக்கு உள்ளே தேன் குடித்த மாதிரி இருந்தது. இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்.

"எப்படி இருக்கு, வெர்லின்? பதினஞ்சு டாலர் மிச்சம் பிடிச்சது?" என்றேன். விடவில்லை. "நாலு நாளுக்காக ஒரு பொண்ணைக் குடும்பத்துலேர்ந்தே தள்ளினியே. வளர்த்த புள்ளைக்கு ஒரு டிக்கெட் எடுக்க மனசு வரல. பதிமூணு வருஷமா பாக்கறேன், உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கான்னு..."

"நீங்க எடுத்திருக்கலாமே, நாடீன்," என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. வாரைத் திருகிக்கொண்டே, ஒரு விலையை விசாரிக்கிற மாதிரி சொன்னான். "எங்கிட்ட இல்ல. நான் குவாரியில எடை போடறவன். உங்ககிட்ட இருந்துச்சு. அந்த நாற்காலி அவ டிக்கெட்டைவிட ஜாஸ்தி."

நான் மார்லியைப் பார்த்தேன், அவள் ஏதாவது சொல்வாள் என்று, பெரியம்மா ஏன் எடுக்கணும் என்றாவது கேட்பாள் என்று. அவள் பின்னால் எட்டி வாரை ஒரே இழுப்பில் மாட்டினாள். காலடியில் கிடந்த மஞ்சள் பனியனை எடுத்து வேடின் மூக்கைத் துடைத்தாள். பிறகு கண்ணாடியைச் சரி செய்தாள்.

"நான் பொறந்தநாள் அன்னைக்கே அதை நெனச்சேன், பெரியம்மா. உங்க இருபத்தஞ்சு டாலர் கவரைப் பிரிக்கிறப்ப," என்றாள். வண்டியை எடுத்தாள்.