பூஸ்டர் இருந்த வீடு

பால் காய்ச்சிக் குடிவந்த முதல் வாரத்திலேயே எங்கள் புது வீட்டில் சண்டை வந்துவிட்டது. டிஷ் போடுவதா, கேபிள் இழுப்பதா என்று. நிலைக்கதவு இன்னும் வார்னிஷ் காணவில்லை, சமையல் மேடை பாதிதான் முடிந்திருந்தது. அதைப் பற்றியெல்லாம் யாருக்கும் கவலையில்லை. டிவிக்கு எது என்பதுதான் பேச்சு.

அதுவரை வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். வீட்டுக்கு வீடு ஒரே சுவர். எல்லா வீட்டு டிவியும் ஒரே நாடகத்தைப் பேசும். குழாயடிக்குப் போய்த் தண்ணீர் பிடித்துத் திரும்புவதற்குள் ஒரு வசனம்கூடத் தப்பாது. அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இருட்டிய பிறகுதான் வருவார்கள். இருந்தாலும் அங்கே நான் தனியாக இருந்ததாக ஞாபகமே இல்லை.

புது வீடு ஊருக்கு வெளியே, சைட் போட்ட காட்டில் இருந்தது. எங்கள் வீட்டைத் தவிர மற்றதெல்லாம் நட்டு வைத்த கல்லும் சீமைக் கருவேலமும்தான். வேலிக்கு அப்பால் ஒரு தோட்டத்து வீடு. கண்ணுக்கு எட்டுகிற வீடு அது ஒன்றுதான். சங்கரன்கோவில் பக்கமிருந்து துணிப்பையோடு வந்து இறங்கிய அப்பாவுக்குச் சொந்தச் சுவரைத் தொட்டுப் பார்ப்பதே பெருமையாக இருந்தது. எனக்கு அந்தச் சுவர்களைப் பார்த்தால் பயமாக இருந்தது.

எனக்கு எதற்கும் பயம் வரும். எட்டாவதோடு படிப்பை விட்டதற்கும் பாதிக் காரணம் அதுதான், அது வேறு கதை. அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தாழ் போடுவேன். விழுந்ததா என்று இழுத்துப் பார்ப்பேன். கேஸ் அடுப்பை முகர்ந்து பார்ப்பேன். அப்பா சைக்கிளில் வரும் வழியில் லாரி வருமே என்று நினைப்பேன். அம்மா கையில் ஊசி இறங்கியிருக்குமோ என்று நினைப்பேன். அம்மா செக்கிங்கில், தைத்து வந்ததைச் சரிபார்க்கிற வேலையில் இருந்தாள், ஊசிக்கே அங்கு வேலையில்லை. டிவி ஓடினால்தான் இதெல்லாம் கொஞ்சம் அடங்கும். டிஷ்ஷோ கேபிளோ, எனக்கு ஒன்றுதான் வேண்டும். வீட்டில் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அது நிற்கக் கூடாது.

அப்பா டிஷ் பக்கம். "இத்தன வருசம் அடுத்தவன் சொவத்துலயே சாஞ்சி கெடந்தாச்சு. இனி நம்ம மாடியில நம்ம டிஷ்ஷு. ஒருத்தன்ட்டயும் போயி நிக்க வேண்டாம்" என்றார்.

அம்மா கேபிள் பக்கம். ஏன் என்று கேட்டால் சரியாகச் சொல்ல மாட்டாள். "ஒரு வயரு வந்தா அது கூட நாலு மனுசரும் வருவாக" என்பாள்.

"மனுசர வச்சு என்ன செய்ய, படம் வரணும்லா" என்பார் அப்பா.

கேபிள்காரர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இந்தத் தூரத்துக்கு வயர் மட்டும் இழுத்தால் படம் மங்கிவிடும், நடுவில் ஒரு பூஸ்டர் வைத்தாக வேண்டும், அதற்குக் கரண்டு கொடுக்க ஒரு வீடு வேண்டும் என்றார். அந்தப் பக்கத்தில் இருந்ததே தோட்டத்து வீடு ஒன்றுதான். அப்பா அதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தார். மறுநாள் அம்மா வேலைக்குப் போகிற வழியில் வேலிப் படலைத் திறந்துகொண்டு உள்ளே போய்க் கேட்டுவிட்டாள்.

அந்த வீட்டில் இருந்த பெண்மணியை அம்மா அக்கா என்று கூப்பிட்டதால் எனக்கு அவர் பெரியம்மா ஆனார். அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். மகன் சொந்தமாகக் கம்பெனி போட்டு டவுனுக்கே குடிபோய்விட்டார். வீட்டுக்காரரும் பொழுதுக்கும் கம்பெனியில்தான், ராத்திரி சோற்றுக்கு வருவதுகூட நிச்சயமில்லை. மாடுகளைப் பார்க்க ஆள் வேண்டுமே என்று பெரியம்மா இங்கேயே தங்கிவிட்டார். மகன் வாங்கி மாட்டிய டிஷ் அவர் வீட்டு மாடியில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்குக் கேபிளே தேவையில்லை. இருந்தும், "அதுக்கென்ன, வெச்சுக்குங்க. கரண்டு எங்க ஊட்டுதுதான" என்று சொல்லிவிட்டாராம்.

இப்படியாக எங்களுக்குக் கேபிள் வந்தது. பூஸ்டர் பெரியம்மா வீட்டு வாசல் சுவரில் ஏறியது.

கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு விளக்கு வைக்கிற நேரம் ஆனால் படம் திடீரென்று புள்ளி புள்ளியாகி இரைய ஆரம்பித்தது. மின்விசிறி சுற்றும், பல்பு எரியும், டிவி மட்டும் இரையும். பூஸ்டரை அணைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஆளில்லாத வீட்டில் அந்த இரைச்சலைக் கேட்க என்னால் முடியாது. கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு ஓடுவேன்.

"பெரியம்மா, பூஸ்டர் ஆப் ஆயிருச்சுங்க."

"அடடா, நாந்தேன் கைமறதியா அமத்திப்போட்டனாட்ட இருக்குது. இரு கண்ணு, போடறேன்" என்பார். ஆனால் போட மாட்டார். "தனியாவா இருந்தே? சோறு உண்டயா? அம்மா எப்ப வருவா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். மாட்டுக்குப் போட்ட சோளத்தட்டை உதறிவிட்டு வருவார். நான் போகும்போதே இரண்டு டம்ளரில் பால் ஆறிக்கொண்டிருக்கும். ஒன்றை என் பக்கம் நகர்த்துவார். குடித்தபடியே நான் சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே அவருடைய டிவி டிஷ்ஷில் பளிச்சென்று ஓடிக்கொண்டிருக்கும். அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

மகன் சின்ன வயதில் கிணற்று மேட்டில் விழுந்தது, ஒரு மாடு தன் கன்றை நக்கவே மாட்டேன் என்றது, இப்படி ஏதாவது சொல்வார். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கும். தாழ் ஞாபகம், லாரி ஞாபகம் எதுவும் வராது. பால் காலியானதும் நாடகம் ஞாபகம் வந்துவிடும். "இப்பப் போடுங்க பெரியம்மா" என்பேன். "உனக்கென்ன கண்ணு அத்தன அவசரம்" என்று எழுந்து போய்ப் போடுவார். நான் வீட்டுக்கு ஓடி வந்தால் நாடகம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மங்கலத்திலிருந்து மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி, தறி ஓட்டுகிறவர். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது நான் விஷயத்தைச் சொன்னேன். தினமும் அணைத்துவிடுகிறார்கள், தினமும் நான் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது என்று.

"கோடீஸ்வர வீடு, மச்சான். பூஸ்டர் கரண்ட மிச்சம் புடிச்சித்தான் அடுத்த கம்பெனி போடுவாக" என்றார் மாமா.

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "கேட்டியா ளா? அடுத்தவன் சுவிட்சுல நம்ம பிள்ள போயி நிக்கி."

அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "நின்னா என்ன. நாலு எட்டு நடந்து போயிட்டு வாரா. அவ போறதே எனக்கு ஒரு நிம்மதி."

"என்ன நிம்மதி? ஏட்டி, நீ சொல்லு. டிஷ்ஷா, கேபிளா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள், சொல்லாதே என்பது போல. எனக்கு நிற்காத படம் வேண்டும். டிஷ் என்றேன்.

அடுத்த வாரமே டிஷ் வந்தது. அப்பா நின்று மேற்பார்த்து மாடியில் பொருத்த வைத்தார். வேலி வழியே வந்த வயரைச் சுருட்டி மூலையில் போட்டார். அன்று மாலை நாடகம் முதலிலிருந்து கடைசிவரை வந்தது, பெயர்கள் வரை பார்த்தேன். அடுத்ததும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. நடுவில் எழுந்து போய்த் தாழை இழுத்துப் பார்த்தேன். இன்னொரு முறையும் பார்த்தேன். அத்தனை குரல் கேட்டும் அம்மா வர ஏன் இவ்வளவு நேரமாகிறது என்றுதான் இருந்தது.

சில நாள் கழித்து, அதே விளக்கு வைக்கிற நேரத்தில், பெரியம்மா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அவர் வேலியைத் தாண்டி வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"படம் நல்லா வருதா கண்ணு?"

"நல்லா வருதுங்க."

"நிக்காம வருதா?"

"நிக்கவே மாட்டேங்குதுங்க."

"அப்பச் சரி" என்றார். போகாமல் நின்றார். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. நான் ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு திரும்பித் திரும்பி டிவியைப் பார்த்தேன். "போ கண்ணு, போய்ப் பாரு. தாழ்ப் போட்டுக்க" என்றார். நான் போட்டுக்கொண்டேன்.

மாதம் பிறந்ததும் கேபிள்காரர் பூஸ்டரைக் கழற்ற வந்தார். போன வேகத்தில் திரும்பி எங்கள் வீட்டுக்கு வந்து, "அந்தம்மா கழட்ட வேண்டாங்கறாங்க. அது பாட்டுக்கு ஓடட்டும், புள்ளைக்கு என்னைக்காச்சும் வேணுமாட்ட இருக்கும்ங்கறாங்க" என்றார்.

அப்பா மாடியைக் கையால் காட்டிச் சிரித்தார். "டிஷ்ஷு இருக்கு, பெறவு யாருக்கு ஓடுதாம் அது?"

கேபிள்காரரும் சிரித்தார். அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பா கேட்டது பதில் சொல்ல வேண்டிய கேள்வி என்றுகூட எனக்குத் தெரியாது. பெரியவர்களோடு சேர்ந்து நானும் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.